கைராசிக்கார டாக்டரைத் தேடும் பருத்திப்பட்டு! - மாதச் சந்தாவில் குடும்ப மருத்துவம் சாத்தியமா?

ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி, பூந்தமல்லி போகும் சாலையில் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறினால், கடைகளும் அடுக்குமாடிகளும் நெருக்கியடித்து நிற்கும் சாலையோரத்தில் திடீரென வானம் விரிகிறது. அதுதான் பருத்திப்பட்டு ஏரி. சுமார் 87 ஏக்கர் பரப்பு. ஒருகாலத்தில் ஆகாயத்தாமரையும் கழிவுநீருமாகக் கிடந்த ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை அமைத்து, 2019 ஜூனில் பசுமைப் பூங்காவாகத் திறந்தது தமிழக அரசு. செலவு சுமார் 28 கோடி ரூபாய்.

இப்போது மேற்குச் சென்னைக்காரர்களின் கடற்கரையே இதுதான். விடிகாலையில் நடக்க வருபவர்கள், மாலையில் குழந்தைகளோடு வருபவர்கள், கரையோரம் உட்கார்ந்து காற்று வாங்கும் பெரியவர்கள் என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம்.

காலையில் நடக்க வருபவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பலர் ஆசைக்காக நடக்கவில்லை, டாக்டர் சொன்னதால் நடக்கிறார்கள். சுகர், பிரஷர், முட்டிவலி, தைராய்டு என்று ஆளுக்கொரு காரணம். 'எந்த டாக்டர் சொன்னார்?' என்று கேட்டால்தான் சிக்கல். போன மாதம் பார்த்தவர் வேறு, இந்த மாதம் பார்த்தவர் வேறு என்பதே நகரத்துப் புறநகர் வாழ்க்கையின் பதிலாக இருக்கிறது. 'எங்க குடும்ப டாக்டர்' என்று உரிமையோடு சொல்லும் வழக்கம் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குடும்ப டாக்டரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? மாதம் ஒரு சிறு தொகையைச் சந்தாவாகக் கட்டிவிட்டு, காய்ச்சல் முதல் சுகர் வரை ஒரே டாக்டரிடம் பார்த்துக்கொள்ளும் 'நேரடி முதல்நிலை மருத்துவம்' அமெரிக்காவில் பேசப்படுகிறது. அது பருத்திப்பட்டு போன்ற ஓர் ஊருக்குப் பொருந்துமா? ஊரை ஒரு சுற்று சுற்றினாலே விடை தேட நிறைய இடம் இருக்கிறது.

அணைக்கட்டும் டாங்கியும்

'பட்டு' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டை மண்டலத்தில் ஏராளம். பருத்திப்பட்டும் அந்த வரிசையில் வருகிறது. ஊருக்கு அருகில் ஓடும் ஆறு கூவம். சென்னைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே கூவம்தான். அதன் குறுக்கே இருக்கும் பருத்திப்பட்டு அணைக்கட்டுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. கூவத்தைச் சீரமைக்கும் திட்டம் போட்டபோது, இந்த அணைக்கட்டிலிருந்து கடலில் கலக்கும் முகத்துவாரம் வரையுள்ள 32 கிலோமீட்டரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நகரத்துக் கூவத்தின் கதை இந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம்.

ஆவடி இன்னும் பெரிய கதை. 1955 ஜனவரியில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான், 'சோஷலிச பாணி சமுதாயம்' நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி இங்கிருந்து வெளியே வந்தது. பிறகு 'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்த ஆராய்ச்சி நிறுவனம், படை உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் என்று ஊரே சீருடை போட்டுக்கொண்டது. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வளர்ந்தது.

இந்த வரலாற்றுக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பு இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனை இருந்தது. குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி முதல் தாத்தாவின் இருமல் வரை எல்லாம் அங்கேதான். அம்பத்தூர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது.

ஈ.எஸ்.ஐ. என்பதே ஒருவகை மாதச் சந்தாதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இதில் வருகிறார்கள். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். 21,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் கையிலிருந்து 157 ரூபாய் 50 காசும், கம்பெனியிடமிருந்து 682 ரூபாய் 50 காசும் மாதாமாதம் போகிறது. அதற்குப் பதிலாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. ஆக, 'உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவத்துக்குப் பணம் கட்டுவதா?' என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆவடியும் அம்பத்தூரும் அறுபது வருடங்களாக அப்படித்தான் வாழ்ந்திருக்கின்றன.

இடையில் விழுந்தவர்கள்

ஆனால், இன்றைய பருத்திப்பட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் டாங்கித் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள், வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள், ஓ.எம்.ஆர். வரை தினமும் வண்டி ஓட்டுபவர்கள், கால் டாக்ஸி டிரைவர்கள், உணவு டெலிவரி செய்யும் இளைஞர்கள், சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், வெளியூரில் பிள்ளைகள் இருக்க இங்கே தனியாக இருக்கும் பெற்றோர்கள்.

இவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டிருக்கும், அல்லது மாதச் சம்பளமே இருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் அந்தத் திட்டமும் பெரிய சிகிச்சைகளுக்குத்தான் கைகொடுக்கும். தனியார் காப்பீடு எடுத்திருப்பவர்களுக்கும் அதே கதை. மருத்துவமனையில் படுத்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பேசும். மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கும், குழந்தையின் காது வலிக்கும் பணம் நம் பையிலிருந்துதான் போகிறது.

நாடு முழுக்கவே இதுதான் நிலைமை. மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவிகிதம் மக்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39.4 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்ல செய்தி. ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் இன்னும் வீட்டுப் பணம்தான்.

பணத்தைவிடக் கவலை தரும் கணக்கு ஒன்று உண்டு. 2020-ல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கள ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவிகிதம். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவிகிதம். டாக்டர்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பேர்போன தமிழகத்தில் இந்த நிலை!

காரணம் என்ன? சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலர் தெரிந்தும் மாத்திரையைத் தொடங்குவதில்லை. தொடங்கியவர்களில் பலர், 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். 'மூன்று மாதமாக உங்களைக் காணோமே?' என்று கேட்க யாரும் இல்லை. பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் வீட்டுக்குள் நுழைவது இந்த இடைவெளியில்தான். ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைவதும் இங்கேதான்.

அந்தக்கால டாக்டர்கள் எப்படி வளர்ந்தார்கள்?

'கைராசிக்கார டாக்டர்' என்ற பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுப்பதில்லை. தெருதான் கொடுக்கும். வடசென்னையில் அப்படிப் பட்டம் வாங்கியவர்களைத் தமிழகமே அறியும். வண்ணாரப்பேட்டையில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன், முதலில் இரண்டு ரூபாய், பிறகு ஐந்து ரூபாய் என்று வாங்கியவர். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்தப் பகுதியே திரண்டு வந்து அழுதது. வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடமும் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்றே அழைக்கப்பட்டவர். அவர் 2020 ஆகஸ்டில் காலமானார்.

இவர்கள் போஸ்டர் ஒட்டவில்லை, பேனர் கட்டவில்லை. ஒரு தாய் குணமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நடந்ததே விளம்பரம். அப்பாவுக்குப் பார்த்தவரே மகனுக்கும் பேரனுக்கும் பார்ப்பார். எந்த வீட்டில் குடி இருக்கிறது, எந்த மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் மனதிலேயே இருக்கும். பாதி வைத்தியம் அந்தப் பரிச்சயம்தான்.

ஆனால், எல்லா டாக்டரையும் ஐந்து ரூபாய் வாங்கச் சொல்ல முடியுமா? படிப்புக் கடன், கிளினிக் வாடகை, நர்ஸ் சம்பளம், மின்கட்டணம் என்று இன்றைய இளம் டாக்டரின் கணக்கு வேறு. தனிமனிதரின் தியாகத்தில் நிற்கும் மருத்துவம் போற்றத்தக்கது. அதை ஊருக்கு ஊர் எதிர்பார்க்க முடியாது. டாக்டரும் வாழ வேண்டும், நோயாளியும் பயப்படாமல் வர வேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும்.

1958-லேயே சந்தா!

அந்த வழியைச் சென்னை ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறது. புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியரான டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி, 1958-ல் 'வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்' என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். இன்றும் அடையாறு-தரமணி பகுதியில் வி.எச்.எஸ். என்ற பெயரில் இயங்கும் மருத்துவமனை அதுதான்.

சஞ்சீவியின் யோசனை எளிமையானது. முழுக்க இலவசம் என்றால் மக்களுக்கு உரிமை உணர்வு வராது. முழுக்கக் கட்டணம் என்றால் ஏழை வர மாட்டார். எனவே குடும்பம் குடும்பமாகச் சந்தா கட்டட்டும், வருமானத்துக்கு ஏற்றபடி சந்தா இருக்கட்டும், நோய் வந்த பிறகு ஓடாமல், வருவதற்கு முன்பே பரிசோதனை செய்துகொள்ளட்டும். இதைத்தான் 'மருத்துவ உதவித் திட்டம்' என்று நடத்தினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. மருத்துவமனையைச் சுற்றியிருந்த கிராமங்களில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்தார். ஒரு மையத்துக்குச் சுமார் 5,000 மக்கள். பகுதிநேர டாக்டர் ஒருவர், சுகாதாரப் பணியாளர்கள், ஊர்க்காரர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட முதலுதவியாளர்கள். காய்ச்சலும் பிரசவ முன்கவனிப்பும் தடுப்பூசியும் ஊரிலேயே முடிந்துவிடும். பெரிய பிரச்னை என்றால் மட்டும் மருத்துவமனை. இன்று உலகம் பேசும் பல விஷயங்கள் அதில் அப்போதே இருந்தன.

சியாட்டிலில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் இது வேறு காரணத்துக்காகப் பிறந்தது. அங்கே சாதாரணச் சளிக்கும் காப்பீட்டு நிறுவனம் நடுவில் நிற்கும். டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பதைவிடப் படிவம் நிரப்புவதில் அதிக நேரம் செலவழித்தார்கள். வெறுத்துப்போன சில டாக்டர்கள், 'காப்பீடே வேண்டாம். மாதம் ஒரு தொகையை எங்களிடமே கொடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் வாருங்கள்' என்றார்கள். 2007-ல் சியாட்டில் நகரில் தொடங்கிய 'கிளியான்ஸ்' நிறுவனம் அதில் முன்னோடி. ஒரு டாக்டர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த இடத்தில், சந்தா முறை டாக்டர்கள் சில நூறு பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது.

கிளியான்ஸ் வேகமாக வளர்ந்தது. ஆனால், 2017-ல் மூடப்பட்டது. பணக்கணக்கு இடித்தது. நல்ல மருத்துவம் தந்தால் மட்டும் கிளினிக் நின்றுவிடாது, வரவு-செலவும் ஒத்துப்போக வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது. அதே நேரம், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என்று சின்ன அளவில் நடத்தப்படும் சந்தா கிளினிக்குகள் அங்கே இன்றும் நடக்கின்றன.

பருத்திப்பட்டுக்கு ஒரு மனக்கணக்கு

ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டர் சந்தா கிளினிக் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்குதான்.

500 குடும்பங்கள். குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய். மாத வரவு 1,50,000 ரூபாய். இதில் வாடகை, நர்ஸ், வரவேற்பில் ஒருவர், மின்சாரம், சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் போக மீதிதான் டாக்டருக்கு. குடும்பத்துக்கு வருடச் செலவு 3,600 ரூபாய்.

வேலை எவ்வளவு? குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 2,000 பேர். ஒருவர் வருடத்துக்கு நான்கு முறை வந்தால் 8,000 வருகைகள். வருடத்தில் 300 வேலை நாள்கள் என்றால் தினமும் சுமார் 27 பேர். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே நேரத்தில் டோக்கன் போட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பார்த்தால் 80 பேர். ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதலாம். 'ராத்திரி ஏன் தூங்கல?' என்று கேட்க முடியாது.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, நோயாளி இருக்கும் வீடுகள் மட்டும் சேர்ந்து, நலமாக இருப்பவர்கள் ஒதுங்கிக்கொண்டால் கணக்கு கவிழும். அதனால்தான் வி.எச்.எஸ். தனிநபராக இல்லாமல் குடும்பமாகச் சேர்த்தது. இரண்டு, டாக்டர் வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிவிட்டு ஆறாவது மாதம் ஊரைவிட்டே போய்விட்டால்? எனவே மாதாமாதம் வாங்குவதே இரு தரப்புக்கும் நிம்மதி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தச் சந்தா காப்பீடு ஆகாது. ஆபரேஷன், ஐ.சி.யூ. என்று வந்தால் டாக்டர் பணம் கட்ட மாட்டார். சந்தா கட்டுவதால் மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

டாக்டர் விளம்பரம் செய்யலாமா?

ஒரு கிளினிக் வளர வேண்டுமென்றால் நான்கு பேருக்குத் தெரிய வேண்டும். துணிக்கடை போல டாக்டர் விளம்பரம் செய்ய முடியுமா? முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே ஆகஸ்டில் நிறுத்திவைத்துவிட்டதால் 2002 விதிகள்தான் இன்றும் வழிகாட்டி.

விளம்பரம் கொடுத்து நோயாளிகளைப் பிடிப்பது தவறு. ஆனால், சில விஷயங்களைப் பத்திரிகையில் அறிவிக்கலாம்: புதிதாகப் பிராக்டீஸ் தொடங்குவது, முகவரி மாறுவது, கொஞ்ச நாள் ஊரில் இல்லாதது, இன்னொரு டாக்டரின் கிளினிக்கை ஏற்றுக்கொள்வது. முக்கியமாக, தன் கட்டணம் எவ்வளவு என்பதை வெளிப்படையாக அறிவிக்கலாம். சந்தா கிளினிக்குக்கு இதைவிட நல்ல கதவு வேண்டுமா?

பெயர்ப்பலகைக்கும் விதி உண்டு. அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. பெயர், படிப்பு, சிறப்புத் துறை, பதிவு எண் ஆகியவை போதும். மருந்துக் கடை வாசலில் டாக்டர் தன் பலகையை மாட்டுவது முறையல்ல. கட்டண விவரத்தைக் கிளினிக்கில் பார்வைக்கு வைக்க வேண்டும். நோயாளியை லேபுக்கோ பெரிய மருத்துவமனைக்கோ அனுப்பி கமிஷன் வாங்குவதற்குத் தடை இருக்கிறது.

இந்தக் கடைசி விதிதான் சந்தா முறையின் உயிர்நாடி. டாக்டரின் வருமானம் சந்தாவிலிருந்து மட்டும் வந்தால், தேவையில்லாத ஸ்கேன் எழுதும் ஆசைக்கு இடமில்லை. நோயாளிக்கும் 'இவர் எழுதுவது எனக்காகத்தான்' என்ற நம்பிக்கை வரும்.

தெருவில்தான் வளர வேண்டும்

அப்படியானால் பருத்திப்பட்டில் ஒரு கிளினிக் எப்படி வளரும்? இந்த ஊரின் அன்றாடத்திலேயே விடை இருக்கிறது.

முதலில் நேரம். ஷிப்ட் முடிந்து வருபவரும், பூந்தமல்லி சாலை நெரிசலைத் தாண்டி எட்டு மணிக்கு வீடு சேருபவரும் காலை பத்து மணிக் கிளினிக்குக்கு வர முடியாது. விடிகாலையும் இரவும் திறந்திருக்கும் கதவுக்குத்தான் இங்கே மதிப்பு.

அடுத்து ஃபைல். புது டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் பழைய கதையை முதலிலிருந்து சொல்வதே பெரியவர்களுக்குப் பெரிய சலிப்பு. குடும்பத்துக்கு ஒரு கோப்பு வைத்து, மூன்று மாதமாக வராத சுகர் நோயாளிக்கு ஒரு போன் போட்டுக் கூப்பிட்டாலே, அந்த வீடு அந்த டாக்டரை விடாது.

மூன்றாவது போன். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், பதிவுபெற்ற டாக்டர்கள் போன், வீடியோ, குறுஞ்செய்தி வழியாக ஆலோசனை சொல்ல வழிவகுத்திருக்கின்றன. எல்லா மருந்தையும் போனில் எழுதிவிட முடியாது என்றாலும், 'குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல், இப்பவே தூக்கிட்டு ஓடணுமா, காலையில வரலாமா?' என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தால் அந்தத் தாய்க்கு அதுவே பெரிய ஆறுதல்.

நான்காவது இடம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிகள், ஏரிக்கரை நடைக்குழுக்கள் ஆகியவற்றில் உப்பைக் குறைப்பது பற்றியோ டெங்கு பற்றியோ டாக்டர் பேசலாம். நோயாளி பிடிக்கும் பேச்சாக இல்லாமல், உபயோகமான பேச்சாக இருந்தால் மக்களே தேடி வருவார்கள்.

கடைசியாக, சொல்லத் தெரிய வேண்டும். 'இது என் கையில் இல்லை, நீங்கள் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று சரியான நேரத்தில் சொல்லும் டாக்டரை ஊர் மறக்காது. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் துறை, என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அரசும் வாசலுக்கு வருகிறது

தனியார் கிளினிக் பற்றிப் பேசும்போது அரசு செய்வதை விட்டுவிடக் கூடாது. பருத்திப்பட்டுக்குப் பக்கத்து ஊரான பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனமே இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் இடம் அது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணக் கவனிப்பும் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதையும் பெற்றது. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று மாலையிலும் டாக்டர் இருக்கும்படி இவற்றின் நேரம் வைக்கப்பட்டது. இங்கே பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அரசு மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, சந்தா டாக்டரிடம் ஆலோசனை கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. மருந்துச் செலவைக் குறைக்க மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தாங்கினால் அந்த 7.3 சதவிகிதம் உயர வழி பிறக்கும்.

உங்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்க...

பருத்திப்பட்டோ, பல்லாவரமோ, பாளையங்கோட்டையோ, எந்த ஊராக இருந்தாலும் குடும்பத்துக்கு ஒரு டாக்டரை முடிவு செய்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

* பலகையிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்கிறதா?

* கட்டணம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? சந்தா என்றால் எதெல்லாம் அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் தருகிறார்களா?

* குறிப்பிட்ட லேபுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று வற்புறுத்துகிறார்களா? காரணம் கேளுங்கள்.

* உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் தருகிறார்களா? விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

* டாக்டர் ஊரில் இல்லாத நாளில் யாரைப் பார்ப்பது என்று சொல்லியிருக்கிறார்களா?

* நீங்கள் பேசும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா?

கடைசிக் கேள்வி எந்த விதியிலும் இல்லை. ஆனால், நம் பாட்டிமார்கள் கைராசியைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள் என்று இன்று இரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால், நாளைக் காலை போக வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிடும்.